எல்லாஞ் சேத்து எவ்வளவு?

வாடா பேராண்டி, இப்பிடி ஒக்காரு. காலுல என்னா, புதுச் சப்பாத்தா? போன்லயே பாத்து வாங்கினியா? 4,990 ரூவாதானா? நல்லாருக்கு. அப்ப மொகம் ஏன் தொங்கிக் கெடக்கு? ஓ, கொண்டாந்து குடுத்ததுக்கு 450, பெட்டி கட்டினதுக்கு 150, கையில காசு குடுத்து எடுத்துக்கிட்டதுக்கு 200. அடேய், காசு குடுக்குறதுக்கும் காசா? எங்க காலத்துல கடன் சொல்றவனப் பாத்துத்தான் மொதலாளி மொகம் சுளிப்பாரு. இப்ப எண்ணிக் கையில வச்சாலும் தண்டம் போடுறான்.

போனது போகட்டும். ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஒன் சப்பாத்து இப்ப 5,790 ரூவா. பக்கத்து வீட்டுப் பொடியன் வெல கேட்டப்ப நீ என்னா சொன்ன? 4,990ன்னுதானே சொன்ன? நான் இங்கருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கடைக்காரன் ஒன்ன ஏமாத்தினான். நீ அவனுக்குச் சம்பளம் இல்லாத ஏஜண்ட்டாத் திரியுற. இப்பிடி ஒரு வேலையாளு எந்த மொதலாளிக்குக் கெடைப்பான்?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவங்க சொல்லி வச்சாங்க. அவங்களுக்காவது ஒரு வசதி இருந்துச்சு. சுமக்கிற ஆளு எதிர்ல நின்னான். கூலி கட்டுப்படியாகலன்னா "வேணாம்பா"ன்னு தலையில தூக்கிக்கிட்டு நடந்துரலாம். இப்ப சுண்டைக்காய வாயில போட்டுச் சவைச்ச பொறகுதான் சுமைகூலி எவ்வளவுன்னு சொல்றான். துப்பவா முடியும்?

இந்தக் கள்ளச் செலவெல்லாம் பில்லுல ஒளிஞ்சிருக்குன்னு நீ நெனைக்கிற. பில்லுல எப்பிடி ஒளியும்? அச்சடிச்சில்ல குடுக்குறான். அது குடியிருக்கிறது ஒன் வெக்கத்துல. கேட்டா காட்டான்னு நெனைப்பாங்களோ, தோட்டத்தான்னு நெனைப்பாங்களோ, கஞ்சன்னு நெனைப்பாங்களோ. இந்தப் பயத்துக்கு நீ மாசா மாசம் கப்பம் கட்டிக்கிட்டிருக்க. விளங்குதா?

இது இன்னைக்கு நேத்து வந்த வித்தையா? நம்ம சனம் இந்த மலைக்கு வந்ததே ஒரு விளம்பரத்த நம்பித்தான். தேயிலைத் தூரத் தோண்டினாத் தேங்காயும் மாசியும் கெடைக்கும்னு சொல்லித்தான் ஊருல ஆளு கட்டினாங்களாம். வந்து பாத்தாத் தேங்காயும் இல்ல, மாசியும் இல்ல. அட்டைதான் இருந்துச்சு. அது மட்டுந்தான் இலவசம். மத்ததெல்லாம் கணக்கு. கப்பல்ல ஏத்தினது கணக்கு. வழியில போட்ட சோறு கணக்கு. குளுருக்குக் குடுத்த கம்பிளி கணக்கு. மலையில கால வைக்கிறப்பவே மனுசன் கடன்காரன்.

அந்தக் கடன் தீராமத் தோட்டம் மாற ஏலாது. மாறணும்னா "துண்டு" வேணும். இவ்வளவு கடன் இருக்கு, கட்டினா ஆள விடுறோம்னு எழுதின சீட்டு அது. புதுத் தோட்டம் கடனக் கட்டி ஆள எடுக்கும். கட்டின கடன் திரும்பவும் அந்த ஆளு தலையிலயே ஏறும். தோட்டம் மாறிச்சு, தொரை மாறினாரு, கங்காணி மாறினான். கடன் மட்டும் கூடவே வந்துச்சு. 1921ல சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்ட ஒழிச்சாங்க.

எங்க தாத்தனுக்கு அந்தக் கணக்கப் படிக்கத் தெரியாது. என்னா எழுதியிருக்குன்னு கேக்குற தைரியமும் இல்ல. பெருவிரல அழுத்தினாரு. நீ ஓ எல் பாஸ், ஏ எல் பாஸ், பேராதனையில பட்டமும் வாங்கிட்ட. போன்ல "வாசித்து ஏற்றுக்கொள்கிறேன்"னு ஒரு கட்டம் வருது. வாசிச்சியா? நீயும் பெருவிரலத்தான் அழுத்துற. தாத்தனுக்கும் ஒனக்கும் என்னா வித்தியாசம்? அவரு விரல்ல மை ஒட்டிச்சு. அவ்வளவுதான்.

1867ல ஜேம்ஸ் டெய்லர் தொரை தேயிலை போட்ட லூல்கந்துரை இருக்கே, அந்தப் பக்கத்து லயத்துலதான் நான் பொறந்தேன். கொழுந்து மடுவத்துல தராசு முள்ளப் பாத்து வளந்த ஆளு நான். சாக்குக்கு ஒரு கழிவு. மழைத் தண்ணிக்கு ஒரு கழிவு. முத்தின இலைக்கு ஒரு கழிவு. வெயில் நாள்லயும் தண்ணிக் கழிவு போட்ட கணக்கப்பிள்ளை உண்டு. "ஐயா, மழையே பேயலையே"ன்னு ஒரு கெழவி கேட்டுட்டா. "பனி பெஞ்சிச்சு"ன்னாரு. ஆனா மறுநாள்லருந்து அந்தக் கெழவி கூடையில மட்டும் பனி பேயல. கேட்டவளுக்கு ஒரு நிறுவை, கேக்காதவளுக்கு ஒரு நிறுவை. அன்னைக்குப் படிச்ச பாடந்தான் இன்னைக்கும் எனக்குக் கைகுடுக்குது.

2021ல நாட்சம்பளம் 1,000 ரூவான்னு வர்த்தமானி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கொட்டை எழுத்துல 1,000. பொறகு பாத்தா, பல தோட்டத்துல இத்தனை கிலோ எடுத்தாத்தான் முழுப் பேரு, அதாவது முழு நாள் கூலி, கொறஞ்சா அரைப்பேரு. கொட்டை எழுத்து ஒனக்கு, பொடி எழுத்து அவனுக்கு. ஒன் சப்பாத்துக் கடை இத எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்னு இப்ப விளங்குதா?

அந்தக் காலம் பொற்காலம்னு பொலம்புற கெழவன் நான் இல்ல. 1977க்கு முந்திச் சங்கக்கடையில கியூவுல நின்னவன். வெலப் போர்டு சுவத்துல தொங்கும், சாமான் மேசைக்கடியில கெடக்கும். சீனி வேணும்னா அழுகின வெங்காயத்தையும் எடுன்னு சொன்ன ஆளுங்க இருந்தாங்க. 2021ல பால்மாவுக்குப் பஞ்சம் வந்தப்ப அதே பாட்டப் பாடினாங்க. பால்மா பக்கெட்டு வேணுமா, கூட நாலு சாமான் எடு. பேரம்பேத்தி எடுத்தாலும் வித்தை ஒண்ணுதான். 1977ல சந்தையத் தொறந்து விட்டாங்க, வெளிநாட்டுச் சாமானெல்லாம் வந்து கொட்டிச்சு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு சொல்ற போன் நம்பரும் 1977. யாரு வச்சானோ தெரியல, குசும்பு பிடிச்ச ஆளு.

சரி, போன மாசம் நீ என்னக் கண்டி டவுனுக்குக் கூட்டிக்கிட்டுப் போன கதைக்கு வருவோம். வாவியப் பாத்த கடை. உள்ள வெளிச்சம் இல்ல. கரண்ட் பில்லு கட்டலையோன்னு கேட்டேன், நீ என் தொடையக் கிள்ளின. மெனுக் காட் இல்ல, மேசையில ஒரு கறுப்புக் கட்டம் ஒட்டியிருந்துச்சு. போனக் காட்டினா மெனு வருமாம். போன் இல்லாதவனுக்குப் பசிக்காதா? சோறு 1,000 ரூவான்னு போட்டிருந்துச்சு. பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி. அது என்னாடான்னு கேட்டேன். "பிளஸ் பிளஸ் தாத்தா, பேசாம இருங்க"ன்ன. பேசாம இருந்தேன். பில்லு பேசிச்சு.

கணக்கப் பாரு. சோறு 1,000. சேவைக் கட்டணம் 10 வீதம், அது 100. இப்ப 1,100. அதுக்கு மேல சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம், 27 ரூவா 50 சதம். அதையும் சேத்து, அதுக்கு மேல வற் வரி 18 வீதம், 202 ரூவா 95 சதம். மொத்தம் 1,330 ரூவா 45 சதம். பொடியன் சிரிச்சுக்கிட்டுத் தட்ட வச்சதுக்கு 100 ரூவா. அந்தச் சிரிப்புக்கும் வரி! மூணு தட்டுக்கு ஒரு தட்டு, சோறு வராமலே வெல மட்டும் வந்துருச்சு.

"வரி அரசாங்கம் போட்டது தாத்தா, கடைக்காரன் என்னா செய்வான்?"ன்னு கேப்ப. நல்ல கேள்வி. அந்த 2.5 வீதம் 2022 ஒக்டோபர்ல வந்துச்சு. வற் 18 வீதமானது 2024 சனவரியில. எல்லாமே கடைக்காரனுக்கு மனப்பாடம். நீ வந்து ஒக்காருமுன்னயே 1,330ன்னு அவனுக்குத் தெரியும். பொறகு ஏன் 1,330ன்னு மெனுவுல போடல? போட்டா நீ எழும்பி எதிர்க்கடைக்குப் போயிருவ. வரி அரசாங்கத்தோடது. மறைச்சது அவனோடது. இன்னொண்ணும் கேட்டுக்க. வற்றுக்குப் பதிஞ்ச கடைதான் வற் வாங்கலாம். பில்லுல வற் இலக்கம் இருக்கான்னு பாரு. இல்லாமலே வாங்குறானா, அது வரி இல்ல, வழிப்பறி.

தண்ணிப் போத்தல் கதை தெரியுமா? 2025 ஏப்ரல்லருந்து அரை லீற்றர் 70 ரூவா, ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130. அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு வர்த்தமானி. மேல வித்துப் பிடிபட்டா, 2021ல திருத்தின சட்டப்படி, தனியாளுக்குக் கொறஞ்சது 1 இலட்சம் தண்டம், கம்பனிக்குக் கொறஞ்சது 5 இலட்சம். போத்தல்ல வெல அச்சடிச்சிருக்கு. ஒனக்குக் கண்ணும் இருக்கு. வாய் எங்க போச்சு? இருவது ரூவாவுக்கு வாயத் தொறக்கக் கூச்சப்பட்டா, இருவதாயிரத்துக்கு எப்பிடித் தொறப்ப?

இப்ப மூத்த பேத்தி கல்யாணத்துக்கு ஹோல் பாக்கப் போன கூத்தச் சொல்றேன், கேளு. எந்த ஹோல்னு சொல்ல மாட்டேன். கோட்டுப் போட்ட ஒரு தம்பி வந்து தேத்தண்ணி குடுத்தாரு. "பிளேட் 3,900 ரூவா மட்டுந்தான் ஐயா"ன்னாரு. ஒன் மாமிக்கு, அதான் என் மருமகளுக்கு, வாயெல்லாம் பல்லு. அந்த "மட்டுந்தான்"ங்கிறதக் கேட்டதும் எனக்கு மடுவத்து ஞாபகம் வந்துருச்சு. "தம்பி, வேற என்னென்னா?"ன்னேன்.

தொடங்கிச்சு பாரு. கொறஞ்சது 200 பிளேட் எடுக்கணும். 150 பேரு வந்தாலும் 200க்குக் காசு. மணவறைய வெளியில இருந்து கொண்டாந்தா அதுக்கு ஒரு கட்டணம். தவிலும் நாதஸ்வரமும் வந்தாச் "சவுண்ட்" கட்டணம். கரண்ட் போனா ஜெனரேட்டர் கட்டணம். கரண்ட் போகலன்னா? அப்பவும் ஜெனரேட்டர் கட்டணம், அது ஆயத்தமா நின்னதுக்கு! ஓமம் வளத்தாப் புகை வருமாம், புகை வந்தா மணி அடிக்குமாம், மணிய நிப்பாட்டி வைக்க ஒரு கட்டணம். மிஞ்சின சோத்த வீட்டுக்குக் கொண்டு போக ஏலாது. அஞ்சு நிமிசம் கூடினா ஒரு மணித்தியாலக் காசு.

நான் கேட்டேன், "தம்பி, தாலி கட்டுறதுக்கு எவ்வளவு?" கோட்டுத் தம்பி சிரிக்கல. மருமகதான் "மாமா, மானத்த வாங்காதீங்க"ன்னு பல்லக் கடிச்சா. பாத்தியா? அந்தத் தம்பி ஒரு வார்த்த என்னத் தடுக்கல. தடுத்தது நம்ம வீட்டு ஆளு. கடைக்காரன் காவலுக்கு ஆளு வைக்கத் தேவையே இல்ல, நம்ம வீட்டுலயே காவல்காரங்க இருக்காங்க.

நான் விடல. "எல்லாஞ் சேத்து எவ்வளவுன்னு ஒரு கடுதாசியில எழுதி, கீழ ஒங்க கையெழுத்தப் போட்டுக் குடுங்க. வேற ஒரு எடத்துலயும் இதே கடுதாசி கேட்டிருக்கோம்"ன்னேன். உள்ள போனாரு, மனேஜரோட கதைச்சாரு, வந்தாரு. கடுதாசியில புகைக் கட்டணம் இல்ல. ஜெனரேட்டரும் இல்ல. 200 பிளேட் 160 ஆயிருச்சு. மழை பெய்யாமலே போட்ட தண்ணிக் கழிவு, கேட்டதும் காஞ்சு போச்சு.

மருமக வெளியில வந்து என்னா சொன்னா தெரியுமா? "இவ்வளவு கொறையும்னு எனக்கு அப்பவே தெரியும்"ன்னா. சரி, கல்யாண வீட்டுல சண்டை எதுக்குன்னு நான் வாய மூடிக்கிட்டேன்.

கடனுக்கு ஓட்டோ எடுக்கப் போறேன்னு சொன்னியே, அதுக்கும் ஒரு கணக்கு. ஒரு இலட்சம் எடு, மாசம் 2 வீதந்தான் வட்டி, ஒரு வருசத்துல கட்டுன்னு சொல்லுவான். மாசம் 2,000 வட்டி. 12 மாசத்துக்கு 24,000. மாசத் தவணை 10,333. நல்லாத்தான் இருக்கு, இல்லையா? இங்க வா. ஆறு மாசம் ஒழுங்காக் கட்டிட்ட. இப்ப மொதல் தொகையில மிச்சம் 50,000. வட்டி எவ்வளவு வாங்குறான்? அதே 2,000. அப்ப வட்டி 2 வீதமா, 4 வீதமா? கடைசி மாசம் மிச்சம் 8,333. அதுக்கும் 2,000. அது 24 வீதம்! வீட்ட அறை அறையாத் திருப்பிக் குடுத்துட்டு, கடைசியில திண்ணையில படுத்துக்கிட்டு முழு வீட்டுக்கும் வாடகை கட்டுற மாதிரி. சரியாக் கணக்குப் போட்டா அந்த "2 வீதந்தான்" வருசத்துக்கு 41 வீதத்துக்கு மேல போகும். இதுல பத்திரச் செலவு, காப்புறுதி, முத்திரை தனி. மட்ட வட்டியா, கொறையுற மிச்சத்துக்கு வட்டியான்னு ஒரே ஒரு கேள்வி கேளு. கோட்டுப் போட்ட ஆளு தண்ணி குடிப்பான். அங்க சண்டை வந்தா மத்திய வங்கியில அதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, நம்பர் 1935.

காட் குடுத்தா 3 வீதம் கூடன்னு ஒரு கடையில சொன்னாங்களே, நீயும் தலைய ஆட்டிட்டு வந்த. அப்பிடி மேல வாங்கக் கூடாதுன்னு மத்திய வங்கி சொல்லிருக்கு. பாங்குக்கும் கடைக்கும் உள்ள ஒப்பந்தம் அது. மிசின் வச்சது அவன் வசதிக்கு, கூலி மட்டும் ஒன் தலையிலயா? அந்த எடத்துலயே "பில்லுல 3 வீதம்னு எழுதித் தாங்க, பாங்குல காட்டணும்"னு சொல்லு. எழுதித் தருவானான்னு பாரு.

போனுக்கு ரீலோட் போடுற. கொட்டை எழுத்துல எத்தனையோ ஜீபீ. உள்ள பாத்தா, பாதி டேட்டா நடுச்சாமத்துக்கு மேல, விடியுறதுக்குள்ள முடிக்கணும். வேலைக்குப் போற மனுசன் ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி என்னாத்தப் பாக்குறது? ஆந்தைக்கா பெக்கேஜ் போட்டிருக்கான்? இதுல நீ எந்தப் பொத்தான அழுத்தினியோ, தெனம் ராசிபலன் வருது, அதுக்குத் தெனம் காசு கழியுது. "இன்று பணச் செலவு உண்டாகும்"னு வருதா? பாத்தியா, பலன் கரெக்ட்.

சூப்பர் மாக்கெட்டுலயும் இப்ப ஒரு புதுசு. 2025 நவம்பர்லருந்து ஷொப்பிங் பை சும்மா குடுக்கக் கூடாது, வெலயப் போட்டு, பில்லுல காட்டி வாங்கணும்னு உத்தரவு. அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். வெல முன்னாலயே தொங்குது, வேணாம்னா வேணாம். துணிப்பைய மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போ. ஆனா நீ போக மாட்ட. கக்கத்துல துணிப்பை இருந்தா ஸ்டைல் கெட்டுரும். அப்ப கட்டு. பாணுக்கும் அப்பிடித்தான். ஒரு றாத்தல் பாணு 450 கிராம் இருக்கணும்னு 2024 பெப்ரவரியில சட்டம் வந்துச்சு, எடையக் கடையில எழுதிப் போடவும் சொன்னாங்க. கையில தூக்கினாக் காத்தா இருக்குன்னு வீட்டுல வந்து பொலம்புற. தராசு கடையிலதானே இருக்கு? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நீ வயித்துல போடுறத அளக்க மாட்டியா?

இங்க ஒண்ணப் பிரிச்சுப் பாத்துக்க. வெல கூடுறது வேற, வெலய மறைக்கிறது வேற. எசல பெரஹராவுக்கு மாடி ஜன்னலுக்கும், கடைவாசல் நாற்காலிக்கும் காசு வாங்குறாங்க. கடைசி ரந்தோலி அன்னைக்கு வெல உச்சாணிக் கொம்புல நிக்கும். யம்மாடின்னு இருக்கும். ஆனா அதுல ஒரு யோக்கியம் இருக்கு. யானை வாறதுக்கு முந்தியே வெலயச் சொல்லிருவான். பாதி ஊர்வலத்துல வந்து "யானைக்குத் தனி, தந்தத்துக்குத் தனி"ன்னு கேக்குறதில்ல. பேராதனைப் பூந்தோட்டத்துலயும் வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு டிக்கெட், நமக்கு ஒண்ணு. வாசல்லயே எழுதிப் போட்டிருக்கு. பிடிச்சா உள்ள போ, பிடிக்காட்டி வெளிய நில்லு.

மாத்தளைப் பாதையில வாசனைத் திரவியத் தோட்டங்க இருக்கே, அதுல சிலதப் பாரு. உள்ள போக இலவசம். வெளிய வரத்தான் காசு. ஏலம் காட்டி, கறுவா காட்டி, முதுகத் தேச்சு விட்டு, கடைசியில எண்ணெய்க் குப்பிய நீட்டுவாங்க. அந்தக் குப்பி வெலையில கூட்டியாந்த ஓட்டோக்காரர் பங்கு, வழிகாட்டி பங்கு எல்லாம் கரைஞ்சிருக்கும். குப்பியில அது எழுதியிருக்காது.

வெளிநாட்டுக்காரன்தானே, குடுக்கட்டும்னு நீயும் சிரிச்ச. 2024 ஏப்ரல்ல கொழும்பு அளுத்கடையில ஒரு கொத்து ரொட்டிக்கு வெளிநாட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட 1,900 ரூவா கேட்டு, அந்த வீடியோ ஒலகமெல்லாம் ஓடி, பொலிஸ் வந்து ஆளப் பிடிச்ச கதை தெரியும்தானே? இங்கிலீசு பேசுறவனுக்கு ஒரு வெலன்னு நாக்குப் பழகிட்டா, அது அதோட நிக்குமா? கொழும்புல இருந்து வந்தவனுக்கு ஒரு வெல. சப்பாத்துப் போட்டவனுக்கு ஒரு வெல. சுத்திச் சுத்தி ஒன் வாசலுக்கும் வரும். ஒன் காலுலதான் புதுச் சப்பாத்து இருக்கே.

சட்டம் இல்லையான்னு கேக்குறியா? இருக்கு. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். வெலப்பட்டியல கண்ணுல படுற எடத்துல போடணும். கேட்டா பில்லு குடுக்கணும். பொய் சொல்லி, மயக்கி விக்கக் கூடாது. எல்லாம் அதுல எழுதியிருக்கு. ஒன் வயசு அந்தச் சட்டத்துக்கு. ரெண்டு பேருமே வாயத் தொறக்கல.

வெளிநாட்டுலயும் இதே வியாதிதான். இந்தியாவுல ஹோட்டல்காரங்க சேவைக் கட்டணத்தக் கட்டாயமா வாங்கக் கூடாதுன்னு 2022 ஜூலையில உத்தரவு வந்துச்சு. ஹோட்டல்காரங்க வழக்குப் போட்டாங்க. 2025 மார்ச் 28ல டெல்லி உயர் நீதிமன்றமும் உத்தரவு சரிதான்னுருச்சு. சேவை நல்லாருந்தாக் குடு, இல்லாட்டிக் குடுக்காத. அதே நாட்டுல 2023 நவம்பர்ல, இந்த ஒன்லைன் ஏமாத்து வித்தைகள 13 வகையாப் பிரிச்சுப் பட்டியலே போட்டுத் தடுத்தாங்க. கூடையில நீ எடுக்காத சாமான அவனே போடுறது ஒரு வகை. கடைசிப் பக்கத்துல கட்டணத்தச் சொட்டுச் சொட்டா ஏத்துறது ஒரு வகை. பட்டியலப் பேப்பர்ல படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க கணக்கப்பிள்ளைக்கு இதுல பாதி கூடத் தெரியாது. பாவம், நல்ல மனுசன்.

இங்கிலாந்துல 2025 ஏப்ரல்லருந்து, கட்டாயம் கட்ட வேண்டியதெல்லாத்தையும் மொத வெலையிலயே சேத்துக் காட்டணும்னு சட்டம். அமெரிக்காவுல அதே வருசம் மே மாசம், பாட்டுக் கச்சேரி டிக்கெட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும் அப்பிடியே சட்டம் வந்துச்சு. நம்ம தாத்தன் தலையில கப்பல் கூலியையும் கம்பிளியையும் ஏத்தினவங்க பேரப்பிள்ளைங்களே இன்னைக்கு அறை வாடகை பில்லப் பாத்து அலறுறாங்க. தொரைமாருக்கே இப்பத்தான் வலிக்குது.

ஆனாச் சட்டம் வந்து ஒன் சட்டைப் பையில கைய வச்சுப் பாத்துக்கிட்டிருக்காது. கேக்குறவன் கேணையனா இருந்தா, கேப்பையில நெய் வடியுதுன்னுதான் சொல்லுவான். அவனக் குத்தஞ்சொல்லி என்னா? வடியுற நெய்ய ஒரு கரண்டி எடுத்துக் காட்டுன்னு நீதானே கேக்கணும்?

அதனால இனிமே எங்க போனாலும், ஒக்காருமுன்ன, தலைய ஆட்டுமுன்ன, பெருவிரல அழுத்துமுன்ன, ஒரே ஒரு கேள்வி. "எல்லாஞ் சேத்து எவ்வளவு?" தமிழ்ல கேளு. சிங்களத்துல "ஒக்கொம கீயத?"ன்னு கேளு. இங்கிலீசுல கேக்கணும்னா இங்கிலீசுலயே கேளு, நீதான் பட்டம் வாங்கியிருக்கியே. மெதுவா முணுமுணுக்காத. அடுத்த மேசைக்குக் கேக்கணும். அடுத்த மேசைக்காரனும் அத மனசுக்குள்ள அடக்கிக்கிட்டுத்தான் இருப்பான், நீ கேட்டா அவனுக்கும் வாய் தொறக்கும். பதிலச் சொல்லத் தயங்கினா எழும்பி வந்துரு. சொன்னா எழுதி வாங்கு. எழுதினதுக்கு மேல கேட்டா 1977.

கேட்டுட்டு வந்தா ஊருல ஒனக்குக் கஞ்சப் பிசினாரின்னு ஒரு பட்டம் குடுப்பாங்க. கூச்சப்படாம வாங்கிக்க. அதுக்குச் சேவைக் கட்டணமும் இல்ல, வற்றும் இல்ல.